உள்ளங்கைக் காரும் போட்டி மேசையும்: மாற்றியமைத்த பொம்மைக் கார்களைக் காட்சிக்கு வைக்கும் முறை

கடையில் வாங்கிய டைகாஸ்ட் காரை, அதாவது உலோகத்தை அச்சில் வார்த்துச் செய்த பொம்மைக் காரைப் பிரித்து, வண்ணம் மாற்றி, சக்கரம் மாற்றி, தனக்கே உரிய வண்டியாக ஆக்கிக்கொள்வதைத்தான் இந்தப் பொழுதுபோக்கில் ‘கஸ்டம்’ என்கிறோம். பாளையங்கோட்டையிலும் தென்காசியிலும் வள்ளியூரிலும் இதைச் செய்கிறவர்கள் பெரும்பாலும் மொட்டைமாடியிலோ பின்கட்டிலோ தனியாக உட்கார்ந்து மாதக்கணக்கில் உழைக்கிறார்கள். அவர்களுடைய வேலை பல நேரங்களில் பெருநகரத்து வேலைக்குச் சற்றும் குறைந்ததாக இருப்பதில்லை. ஆனால் போட்டிக்கு முந்தைய இரவில்தான் ‘இதை எதன்மேல் வைப்பது’ என்று யோசிக்கத் தொடங்குவதால், அந்த உழைப்பில் பாதி நடுவரின் கண்ணுக்கு எட்டாமலே போய்விடுகிறது.

என் முதல் போட்டியில் எனக்கு நேர்ந்ததும் இதுதான். மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்து மலைப்பாதையில் ஓடிய எஸ்டேட் ஜீப்பைப் போல ஒரு சிறிய ஜீப்பை மாற்றியமைத்திருந்தேன். அதன் பின்கதவை வெட்டி, திறந்து மூடும்படி கீல் வைக்க மூன்று வாரம் ஆயிற்று. அந்த ஜீப்பைத் திசையன்விளைப் பக்கத்துச் சிவந்த தேரி மணல் பரப்பிய பெரிய பலகையில், இரண்டு பனைமரங்களுக்கு நடுவே நிறுத்தினேன். நடுவர் குனிந்து மணலையும் பனையையும் வெகுநேரம் பார்த்தார், பாராட்டினார், நகர்ந்துவிட்டார். பின்கதவு திறக்கும் என்பது அவருக்குத் தெரியவே இல்லை. மலை ஜீப் தேரிக்காட்டில் எதற்கு நிற்கிறது என்று பக்கத்தில் நின்ற ஒரு சிறுவன் கேட்டபோதுதான் என் பிழை எனக்கு உறைத்தது. இந்த வழிகாட்டியில் நான் சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் அடிப்படை அந்தக் கேள்விதான்: உங்கள் காரில் நடுவர் முதலில் எதைப் பார்க்க வேண்டும் என்பதை நீங்கள் முடிவு செய்துவிட்டால், அடித்தளம், விளக்கு, விவரச் சீட்டு, வைக்கும் கோணம் ஆகிய அனைத்தும் அந்த ஒன்றுக்கு வழிவிட வேண்டும்.

முதற்படி: பிரிவையும் கதையையும் முடிவு செய்தல்

போட்டி விதிகளை வண்ணம் பூசுவதற்கு முன்பே படித்துவிட வேண்டும். பல போட்டிகளில் வண்ணம் மட்டும் மாற்றியவை, சக்கரம் மாற்றியவை, உடலையே வெட்டி மாற்றியவை, காட்சியமைப்பு என்று தனித்தனிப் பிரிவுகள் இருக்கும். 1963-இல் பிரிட்டனில் தொடங்கிய ஐ.பி.எம்.எஸ். என்ற மாதிரி செய்வோர் சங்கத்தின் வழியைப் பின்பற்றும் போட்டிகளில், எவ்வளவு கடினமான வேலை செய்தீர்கள் என்பதற்கு முன்னால், அடிப்படை வேலை சுத்தமாக இருக்கிறதா, அதாவது சக்கரங்கள் நேராக நிற்கின்றனவா, இணைப்புக் கோடு தெரிகிறதா, பசை வழிந்திருக்கிறதா என்றுதான் நடுவர்கள் பார்க்கிறார்கள். ஆகவே, அரைகுறையாக முடிந்த பெரிய மாற்றத்தைவிடச் சுத்தமாக முடிந்த சிறிய மாற்றத்தையே மேசைக்குக் கொண்டுபோங்கள் என்பது என் உறுதியான கருத்து.

பிரிவு முடிவானதும், ‘இது எந்த ஊரில், எந்தக் காலத்தில் ஓடும் யாருடைய வண்டி’ என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதிக்கொள்ளுங்கள். மகிந்திரா நிறுவனம் வில்லிஸ் ஜீப்புகளை இந்தியாவில் பூட்டத் தொடங்கியது 1940-களின் பிற்பகுதியில். ஆகவே ‘1960-களில் மலைக்குத் தபாலும் அரிசியும் ஏற்றிச் சென்ற ஜீப்’ என்ற கதை பொருந்தும். ஆனால் அதே ஜீப்பில் திருநெல்வேலிக்குரிய டி.என். 72 என்று எண் பலகை ஒட்டினால் கதை உடைந்துவிடும். மாநில எழுத்தும் மாவட்ட எண்ணும் கொண்ட இந்த முறை 1989-இல்தான் நடைமுறைக்கு வந்தது. இப்படிப்பட்ட பிழையை நம் மாவட்டத்து நடுவர் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார். கதை இன்றைய காலத்தது என்றால், சொந்த வண்டிக்கு வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்து, வாடகை வண்டிக்கு மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து என்பதை மறக்கக் கூடாது.

இரண்டாம் படி: அளவுக் கணக்கு

பெரும்பாலான சிறிய டைகாஸ்ட் கார்களை 1:64, அதாவது உண்மை வண்டியில் அறுபத்து நான்கில் ஒரு பங்கு என்று சொல்கிறோம். ஆனால் எல்லாக் கார்களையும் ஒரே அளவுள்ள அட்டைப் பொதியில் அடக்க வேண்டியிருப்பதால், ஹாட் வீல்ஸ் போன்றவற்றில் இந்த விகிதம் வண்டிக்கு வண்டி மாறும். உண்மை வண்டியின் நீளத்தைப் பொம்மையின் நீளத்தால் வகுத்து, உங்கள் காரின் உண்மையான விகிதத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். ஏறத்தாழ 4.3 மீட்டர் நீளமுள்ள அம்பாசடர், 1:64 அளவில் 67 மில்லிமீட்டர்தான் இருக்கும்.

இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்தால் கண் திருந்திவிடும். ஐந்தரை அடி மனிதர் 26 மில்லிமீட்டர். 500 மில்லிமீட்டர் நீளமும் 120 மில்லிமீட்டர் உயரமும் கொண்ட எண் பலகை, 8 மில்லிமீட்டருக்கு 2 மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவாகச் சுருங்கும். அதிலுள்ள எழுத்தின் உயரம் ஒரு மில்லிமீட்டர். அதை நல்ல லேசர் அச்சில் எடுத்தால் படிக்க முடியும், தூரிகையால் எழுதினால் முடியாது. 20 மீட்டர் பனைமரம் 31 சென்டிமீட்டர் உயரம் வரும்; அதாவது ஐந்து சென்டிமீட்டர் ஜீப்பைப் போல ஆறு மடங்கு. என் காட்சியில் ஜீப் தொலைந்துபோனதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை. பனை வேண்டுமென்றால் அடிமரத்தை மட்டும் ஓரத்தில் காட்டி, மேற்பகுதியைச் சட்டத்துக்கு வெளியே விட்டுவிட வேண்டும்.

மணலுக்கும் இதே கணக்கு உண்டு. கால் மில்லிமீட்டர் துகள் 64 மடங்கு பெரிதானால் 16 மில்லிமீட்டர். அது அரை அங்குல ஜல்லியைவிடப் பெரியது. எனவே ஆற்று மணலையோ தேரி மணலையோ அப்படியே தூவாமல், அம்மியில் அரைத்து மெல்லிய துணியில் சலித்த தூளை மட்டும் பயன்படுத்த வேண்டும். வண்ணத்தின் தடிமனும் இப்படித்தான் பெரிதாகும்: பத்தில் ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள பூச்சு, உண்மைக் காரில் ஆறு மில்லிமீட்டர் கனமுள்ள பூச்சுக்குச் சமம். கதவுக் கோடுகள் அடைபட்டுக் கார் சோப்புக்கட்டியைப் போலத் தோன்றுவதற்கு இதுவே காரணம்.

மூன்றாம் படி: நெருங்கிப் பார்க்கத் தாங்கும் மேற்பரப்பு

பிரிப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அடித்தட்டைப் பிடித்திருக்கும் ரிவெட்டின் தலையை மட்டும் துளையிட்டு நீக்குங்கள். பிறகு ரிவெட் இருந்த தூணில் 1.6 மில்லிமீட்டர் துளை போட்டு, எம்2 மரை (2 மில்லிமீட்டர் திருகாணிக்கான மரை) வெட்டிவிட்டால், சிறிய திருகாணியால் எத்தனை முறை வேண்டுமானாலும் கழற்றிப் பூட்டலாம். இது காட்சிக்கும் உதவும் என்பதைப் பின்னால் சொல்கிறேன். பழைய வண்ணத்தை நீக்கும் மருந்தைக் கையுறையும் கண்ணாடியும் அணிந்து, காற்றோட்டமான இடத்தில் பயன்படுத்த வேண்டும்.

வண்டிப் பட்டறையில் பட்டி பார்த்து, தேய்த்து, பிரைமர் அடித்து, பிறகு வண்ணம் அடிக்கும் அதே வரிசைதான் இங்கும். தேய்க்கும் உப்புத்தாள் மட்டும் நுண்மையாகும். 400-இல் தொடங்கி 800, 1200 என்று போய், கடைசிப் பளபளப்புக்கு 2000 எண் தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்க்கலாம். 1968-இல் மேட்டல் வெளியிட்ட முதல் ஹாட் வீல்ஸ் கார்களில், மெருகேற்றிய உலோகத்தின்மேல் ஒளி ஊடுருவும் வண்ணத்தைப் பூசி, உள்ளிருந்து மின்னும் தோற்றத்தைக் கொண்டுவந்தார்கள். அதே முறையை நீங்கள் கையாண்டால், அடியிலுள்ள துத்தநாகக் கலவை உலோகத்தில் ஒரு கீறல்கூட மிஞ்சக் கூடாது, ஏனென்றால் ஊடுருவும் வண்ணம் எதையும் மறைக்காது.

நம் ஊரின் பருவத்தைக் கணக்கில் எடுப்பது இந்தக் கட்டத்தில் மிக முக்கியம். ஆனி, ஆடி மாதங்களில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்று, மதியத்துக்குள் மாடியெங்கும் தூசியைக் கொண்டுவந்து சேர்த்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரக்காற்று பட்டு, கிளியர் கோட் என்ற நிறமற்ற மேற்பூச்சு பால் படிந்ததைப் போல வெளுத்துவிடும். பங்குனி, சித்திரை வெயிலிலோ ஸ்ப்ரே துளிகள் காரைத் தொடுவதற்கு முன்பே உலர்ந்து, மேற்பரப்பு சொரசொரப்பாகிவிடும். ஆகவே எந்த மாதமானாலும் காலை ஆறரை மணியிலிருந்து எட்டரை மணிக்குள், நிழலில், மெல்லிய பூச்சாக நான்கைந்து முறை அடிப்பதே நான் கண்ட பாதுகாப்பான வழி. போட்டி நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி, கடைசிப் பூச்சுக்கும் பெட்டியில் அடுக்கும் நாளுக்கும் இடையில் இரண்டு வாரமாவது விடுங்கள். தொட்டால் ஒட்டாத வண்ணம் உள்ளே இன்னும் இளகலாகவே இருக்கும். அதன்மேல் குமிழ்த்தாளைச் சுற்றினால், குமிழ்களின் வட்டம் வட்டமான தடங்கள் அழியாமல் பதிந்துவிடும்.

தண்ணீரில் நனைத்து ஒட்டும் டெக்கால்களுக்கு (எழுத்தும் படமும் அச்சிட்ட மெல்லிய ஒட்டுச் சீட்டுகளுக்கு) ஆழ்குழாய்த் தண்ணீர் வேண்டாம். இராதாபுரம், திசையன்விளைப் பக்கத்து உப்புத் தண்ணீர் உலர்ந்த பின் டெக்காலின் ஓரத்தில் வெள்ளைக் கோடாகத் தெரியும். பெட்ரோல் பங்கில் கிடைக்கும் பேட்டரித் தண்ணீர் (காய்ச்சி வடித்த நீர்) ஒரு புட்டி வாங்கினால் பல கார்களுக்கு வரும். கண்ணாடிப் பாகங்களை விரைவுப் பசையால் ஒட்டாதீர்கள். அதிலிருந்து எழும் ஆவி கண்ணாடியில் வெண்படலமாகப் படிந்துவிடும். வெள்ளைப் பசையே போதும், அது உலர்ந்தால் கண்ணுக்குத் தெரியாது.

சேறும் தூசியும் தீட்டுவது தனிக் கலை. அதில் மண்ணின் நிறம் பொய் சொல்லக் கூடாது. கோவில்பட்டி, சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசல் உலர்ந்தால் சாம்பல் கலந்த கறுப்பாக ஒட்டியிருக்கும். தேரி மண் குங்குமச் சிவப்பு. மலைப்பாதைச் சேறு செம்பழுப்பு. ஒரு வண்டியில் இவற்றில் ஒன்றுதான் இருக்க வேண்டும். சக்கரத்துக்குப் பின்னாலும் வண்டியின் அடிவிளிம்பிலும் அடர்த்தியாகத் தொடங்கி, மேலே போகப் போகக் குறைந்து, முன்கண்ணாடியில் துடைப்பான் ஓடிய வளைவு மட்டும் தெளிவாக நின்றால், அந்த வண்டி உண்மையிலேயே ஓடி வந்தது என்று பார்ப்பவர் நம்புவார். சேறு பூசிக் குறையை மறைக்கும் எண்ணம் மட்டும் வேண்டாம்; நடுவர்கள் முதலில் சேறு இருக்கும் இடத்தைத்தான் உற்றுப் பார்ப்பார்கள்.

சக்கரங்களைச் சோதிக்க முகம் பார்க்கும் கண்ணாடித் துண்டு ஒன்று போதும். காரை அதன்மேல் நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் அடியிலும் மெல்லிய தாளைச் செலுத்திப் பாருங்கள். எங்கேனும் தாள் தடையின்றி நுழைந்தால் அந்தச் சக்கரம் தரையைத் தொடவில்லை. அச்சை நிமிர்த்தாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

நான்காம் படி: அடித்தளம்

காட்சியமைப்புப் பிரிவைத் தவிர மற்றவற்றில், அடித்தளம் எவ்வளவு அடங்கியிருக்கிறதோ அவ்வளவு நல்லது. காரின் நீளத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் அது நீள வேண்டியதில்லை. மூன்று சென்டிமீட்டர் உயரம் இருந்தால், பக்கத்துக் கார்களுக்கு நடுவே உங்கள் கார் சற்று எழுந்து நிற்கும். மரச் சொப்புச் சாமான்களுக்குப் பெயர்பெற்ற அம்பாசமுத்திரத்தில் வட்டப் பீடம் ஒன்றைக் கடைந்து வாங்கினேன். இன்றுவரை அதுவே எனக்கு மிகவும் பிடித்த அடித்தளம். ஆனால் அந்த ஊருக்கே உரிய சிவப்பு அரக்குப் பளபளப்பைப் போட வேண்டாம் என்று கேட்டு, மரத்தை வெறுமையாகவே வாங்கி, மங்கலான சாம்பல் நிறம் பூசிக்கொண்டேன். அரக்கின் அழகு அவ்வளவு வலிமையானது, அதன்மேல் எந்தக் காரும் இரண்டாவதாகத்தான் தெரியும். பத்தமடைப் பாயையும் பலர் விரிக்கிறார்கள். பெட்டியின் வெளிப்புறத்துக்கு அது மிக அழகு; காரின் அடியில் விரித்தால், ஒரு மில்லிமீட்டர் கோரை அந்த அளவில் ஆறு சென்டிமீட்டர் மூங்கிலைப் போலத் தெரிந்து அளவு குலைந்துவிடும்.

காட்சியமைப்புப் பிரிவுக்குப் போகிறவர்கள் ஊரையே தூக்கி வைக்க முயல வேண்டாம். திருநெல்வேலியில் 1843-இல் திறக்கப்பட்ட சுலோச்சன முதலியார் பாலம் முழுவதையும் செய்தால் கார் எறும்பாகிவிடும். அதன் கைப்பிடிச் சுவரில் ஒரு கை நீளமும், கீழே ஒற்றை வளைவின் தொடக்கமும், சுவரோரம் மழைநீர் வழிந்த கறையும் இருந்தால் போதும். நெல்லைக்காரர் எவரும் இடத்தை அடையாளம் கண்டுகொள்வார். நெல்லைச் சந்திப்பின் ஈரடுக்கு மேம்பாலத்துக்கும் அப்படித்தான்: ஒரு தூணும் அதன் நிழலும் போதும். சாலை வளைவு, சுவர், மனித உருவம் ஆகிய எல்லாக் கோடுகளும் பார்வையைக் காரின் பக்கம் திருப்ப வேண்டும். மனித உருவங்கள் காரைப் பார்த்தபடி நின்றால், பார்ப்பவரும் அங்கேயே பார்ப்பார்.

பூட்டுவதற்காக வெட்டிய எம்2 மரை இங்கே உதவும். அடித்தளத்தின் கீழிருந்து நீளமான திருகாணி ஒன்றைக் காரின் தூண்வரை செலுத்தி முடுக்கிவிட்டால், பசையில்லாமலே கார் உறுதியாக நிற்கும். பசையால் ஒட்டிய கார் பயணத்தில் பிடுங்கிக்கொண்டால் வண்ணத்தையும் சேர்த்துப் பிடுங்கும். காரின் அடிப்பாகத்தில் வேலை செய்திருந்தால் மட்டும் கீழே கண்ணாடி வையுங்கள். வேலை செய்யாத அடித்தட்டைக் கண்ணாடி காட்டிக்கொடுத்துவிடும்.

ஐந்தாம் படி: விவரச் சீட்டு

நடுவர் உங்களைக் கேட்காமலே தெரிந்துகொள்ள வேண்டியதை இந்தச் சீட்டு சொல்ல வேண்டும். வண்டிக்கு நீங்கள் இட்ட பெயர், அடிப்படையாக எடுத்த மாதிரி, கையால் செய்த மாற்றங்கள், விலைக்கு வாங்கிப் பூட்டிய பாகங்கள் ஆகிய நான்கும் நாற்பது சொற்களுக்குள் அடங்கலாம். வாங்கிய சக்கரத்தையும் முப்பரிமாண அச்சில் எடுத்த பாகத்தையும் மறைக்காமல் எழுதுவது நேர்மை மட்டுமன்று. மற்றவை உங்கள் கைவேலை என்பதற்கு அதுவே சான்றாகும். ‘பின்கதவு திறக்கும்’ என்ற இரண்டு சொற்களை எழுதி, கதவைப் பாதி திறந்தும் வைத்திருந்தால், என் மூன்று வார உழைப்பு அன்று வீணாகியிருக்காது. விதி அனுமதித்தால், மாற்றம் செய்யாத அதே மாதிரிக் காரை, முடியாவிட்டால் அதன் சிறு படத்தையாவது பக்கத்தில் வையுங்கள். எவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள் என்பதை அதைவிடத் தெளிவாக எந்த எழுத்தும் சொல்லாது.

ஆறாம் படி: ஒளியும் படமும்

போட்டி அரங்கு பெரும்பாலும் கல்யாண மண்டபமாகவோ பள்ளிக்கூட அரங்காகவோ இருக்கும். ஒளி மேலிருக்கும் குழல் விளக்கிலிருந்து வரும், நடுவர் நின்றபடி மேலிருந்து சாய்வாகப் பார்ப்பார். அதனால் கூரையும் முன்மூடியும்தான் முதலில் கண்ணில் படும். வீட்டிலேயே குழல் விளக்கின் அடியில், மேசை உயரத்தில் காரை வைத்து, நின்றபடி சுற்றி வந்து பாருங்கள். விளக்கின் நேர்க்கோடு கூரையில் நெளியாமல் பிரதிபலித்தால் மேற்பரப்பு சரியாக இருக்கிறது; நெளிந்தால் மறுபடி தேய்க்க வேண்டும்.

படத்தை அனுப்பிக் கலந்துகொள்ளும் போட்டிகளில் கணக்கு நேர்மாறானது. அங்கே பொம்மையாகத் தெரியாமல் வண்டியாகத் தெரிய வேண்டும். சாலையில் நிற்கும் மனிதரின் கண் உயரம் 1:64 அளவில் ஏறத்தாழ 24 மில்லிமீட்டர். கைப்பேசியைத் தலைகீழாகப் பிடித்தால், அதன் லென்ஸ் தரைக்கு அவ்வளவு அருகில் வந்துவிடும். மிக நெருங்கி எடுத்தால் முன்பகுதி ஊதிப்போய்த் தெரியும் என்பதால், சற்று விலகி இரண்டு மடங்கு உருப்பெருக்கத்தில் எடுங்கள். காலை வெயில் விழும் சன்னலில் வெள்ளை வேட்டியைக் கட்டினால் நிழல் மென்மையாகும். பிளாஷ் வேண்டாம். எடுப்பதற்கு முன் காற்றடித்துத் தூசி நீக்குங்கள், ஏனென்றால் கண்ணுக்குத் தெரியாத தூசி படத்தில் கல்லாகத் தெரியும். ஒளியையும் நிறத்தையும் படத்தில் திருத்தலாம், காரின் குறையைத் திருத்தக் கூடாது.

ஏழாம் படி: பயணமும் மேசையும்

மதுரைக்குப் பேருந்தில் போனாலும், சென்னைக்கு நெல்லை எக்ஸ்பிரஸில் போனாலும், பெட்டி உங்கள் மடியில் இருக்க வேண்டும். அடித்தளம் மட்டும் இறுகப் பொருந்தி, கார் எதையும் தொடாமல் நிற்கும்படி பெட்டிக்குள் பள்ளம் வெட்டுவதே சிறந்த முறை. காரின்மேல் பஞ்சு வைக்காதீர்கள். அதன் இழை கண்ணாடித் துடைப்பானிலும் பக்கக் கண்ணாடியிலும் சிக்கிப் பிய்த்துவிடும். வீட்டிலிருக்கும் அல்வாப் பெட்டி அளவில் சரியாக இருக்கும் என்று தோன்றும். அதில் ஊறியிருக்கும் நெய் வண்ணத்தில் படலமாக ஏறும் என்பதால் அதையும் தவிர்த்துவிடுங்கள். இடுக்கி, மெல்லிய தூரிகை, மூக்குக்கண்ணாடி துடைக்கும் துணி, வெள்ளைப் பசை, அதே கலவையில் எடுத்து வைத்த சிறிதளவு வண்ணம் ஆகியவை தனிப் பையில் இருக்கட்டும்.

அரங்கில் கையைக் கழுவி, ஈரமில்லாமல் துடைத்த பிறகே பெட்டியைத் திறக்க வேண்டும். காரைத் தொடாமல் அடித்தளத்தை மட்டும் பிடித்து, முன்பகுதியும் ஒரு பக்கமும் சேர்ந்து தெரியும் கோணத்தில் வையுங்கள். உங்கள் முக்கிய வேலை பின்பக்கத்தில் இருந்தால், தயங்காமல் பின்பக்கத்தைத் திருப்பி வையுங்கள். சீட்டைக் காருக்கு முன்னால் நிறுத்தாமல் வலப்பக்கம் படுக்க வையுங்கள். பிறகு மேசைக்கு எதிர்ப்புறம் போய், நடுவர் நிற்கும் இடத்தில் நின்று ஒருமுறை பார்த்து, முதலில் கண்ணில் படுவது நீங்கள் முடிவு செய்த அந்த ஒன்றுதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பக்கத்துக் காரை நகர்த்த வேண்டியிருந்தால், அதன் உரிமையாளரை அழைத்து அவரையே நகர்த்தச் சொல்லுங்கள்.

முடிவு அறிவித்த பின், நடுவர் ஓய்வாக இருக்கும்போது, உங்கள் காரில் அவர் முதலில் எதைப் பார்த்தார் என்று மட்டும் கேளுங்கள். பரிசு ஏன் கிடைக்கவில்லை என்று கேட்டால் அவர் சமாதானம் சொல்வார். எதைப் பார்த்தார் என்று கேட்டால் உள்ளதைச் சொல்வார். அந்தப் பதிலை அன்றே விவரச் சீட்டின் பின்பக்கத்தில் தேதியுடன் எழுதி, காரோடு பெட்டியிலேயே போட்டு வையுங்கள். என்னிடம் அப்படிப்பட்ட சீட்டுகள் ஒன்பது இருக்கின்றன. புதிய காரின் ரிவெட்டில் துளையிடுவதற்கு முன் அவற்றை எடுத்து மேசையில் பரப்பிக்கொள்கிறேன்.